வெளிமாநிலத் தொழிலாளியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால்

“சும்மா விசாரணைதான்” என்று போலீஸ் கூட்டிப் போனதும் முதலில் மணியைக் குறியுங்கள். வண்டி எண், வந்தவர்கள் சீருடையிலா மஃப்டியிலா என்பதையும் சேர்த்து. 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) முன் நிறுத்த வேண்டும். அதனால்தான் மறுநாள் பிடித்ததாக எழுதுவார்கள். அதை உடைக்க அன்றைக்கே எஸ்.பி.க்கும் (மாநகரமென்றால் கமிஷனருக்கு) நடுவர் மன்றத்துக்கும் இமெயில் போக வேண்டும். ஒரு காலத்தில் தந்தி செய்த வேலை இது.

பெரிய ஓட்டை மொழி. ஒடியா மட்டும் தெரிந்தவரிடம் தமிழ்த் தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்டே தீர வேண்டிய நிலை வந்தால், “எனக்குப் படித்துக் காட்டவில்லை” என்று அவர் மொழியிலேயே மேலே எழுதிவிட்டுப் போடட்டும்.

காவலில் அடித்ததற்கான வழக்கு பெரும்பாலும் தோற்பது ஆஸ்பத்திரியில். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 53ஆம் பிரிவுப்படி காயங்களையும் அவை ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் டாக்டர் எழுதி, நகல் தர வேண்டும். ஆனால் கூட வந்த காவலரே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட, “பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்” என்று ஏ.ஆர். புத்தகத்தில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) ஏறிவிடும். அவர் மொழி தெரிந்த ஒருவரை அங்கேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் போனில் பேச வையுங்கள். உள்ளங்கால், தொடை, புட்டம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். லத்தியடி ஆடைக்குள்தான் இருக்கும். அங்கே தவறினால் ரிமாண்டின்போது நடுவரிடமே காயத்தைக் காட்டி மறுபரிசோதனை கேட்கலாம். வக்கீல் இல்லையா? இலவச சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு ஆபத்து வேறு மாதிரி: நிலுவையில் கிடக்கும் திருட்டு வழக்குகளை அவர்கள் தலையில் கட்டுவது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, ஆனால் அதை வைத்து மீட்ட நகை ஆதாரமாகச் செல்லும். அடி விழுவது அந்த மீட்புக்காகத்தான். வீட்டிலுள்ள நகை, போன் ரசீதுகளை வெளியாள் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இவர்கள் பட்டியல் பழங்குடியினர் என்பதால் புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 பரம்வீர் சிங் சைனி தீர்ப்பு. “கேமரா ரிப்பேர்” என்ற பதில் வரும் முன், தேதி, மணி, வாசலா லாக்கப்பா என்று குறிப்பிட்டுப் பதிவைப் பாதுகாக்கக் கேட்கும் மனுவை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.