நூர்பர்க்ரிங் ரேஸை டைமிங் திரையோடு பார்ப்பது எப்படி?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமார் ரேசிங் அணிக்கு மூன்றாவது இடம் என்று செய்தி வந்தது. ரிசல்ட் பட்டியலைத் தேடித் திறந்தவர்கள் குழம்பிப் போனார்கள். மேலிருந்து மூன்றாவது வரியில் வேறு யாரோ இருந்தார்கள். காரணம் எளிது: அணி வாங்கியது 992 பிரிவில், அதாவது போர்ஷே 911 கப் கார்களுக்கான பிரிவில், மூன்றாவது இடம். ஒட்டுமொத்தப் பட்டியலின் உச்சியில் இருப்பவை ஜிடி3 என்ற, இன்னும் வேகமான ரேஸ் கார்கள்.

ஷோரூம் காரை அடிப்படையாக வைத்து ஐரோப்பாவில் நடக்கும் நீண்ட நேர ரேஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் பல ரேஸ் நடக்கும். டிவியில் முன்னால் ஓடும் காரை மட்டும் காட்டுவார்கள். மிச்ச ரேஸ் எல்லாம், ஒவ்வொரு காரின் இடத்தையும் சுற்று நேரத்தையும் உடனுக்குடன் காட்டும் டைமிங் திரையில்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் நான்கு மணி நேரம் போவதே தெரியாது. நான் பழகியது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடக்கும் என்எல்எஸ் என்ற ரேஸ் தொடரில். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில், எந்த ரேஸ்

என்எல்எஸ் தொடர் 1977 முதல் நடக்கிறது. பழைய பெயர் விஎல்என். பழைய ஆட்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். நார்ட்ஷ்லைஃபே என்ற மலைப்பாதைத் தடத்தையும் பக்கத்தில் உள்ள கிராண்ட் பிரி தடத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து ஒரு சுற்று 24.358 கி.மீ. வழக்கமான ரேஸ் நான்கு மணி நேரம். காலையில் தகுதிச் சுற்று, ஜெர்மன் நேரம் பகல் 12 மணிக்கு ரேஸ். கோடையில் நமக்கு அது பிற்பகல் 3.30. யூடியூபில் இலவசமாக வரும், ஆங்கில வர்ணனையும் உண்டு. டைமிங் திரையும் இலவசம்தான், தொடரின் தளத்திலேயே இணைப்பு இருக்கும்.

திரை இரண்டு வேண்டும். படத்துக்கு டிவியோ போனோ எதுவும் போதும். டைமிங்கை லேப்டாப்பில் திறங்கள். போனில் டைமிங் பார்ப்பது என்னைப் பொறுத்தவரை வீண் வேலை. நெடுவரிசைகள் பாதி மறைந்துபோகும், நமக்கு வேண்டியது அந்த மறைந்த பாதியில்தான் இருக்கும். கணக்குப் போட எக்செல், ஆப் எதுவும் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும். எக்செல் திறந்தவர்கள் ரேஸைப் பார்ப்பதில்லை, எக்செலைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்து, பிரிவைத் தேர்ந்தெடுங்கள்

ரேஸுக்கு முந்தைய நாளே பங்கேற்பாளர் பட்டியல் பிடிஎஃப் ஆக வந்துவிடும். அதில் பிரிவு வாரியாகக் கார்கள் இருக்கும். எஸ்பி9 என்றால் ஜிடி3. எஸ்பி10 என்றால் ஜிடி4, அதாவது ஜிடி3யைவிட வேகம் குறைந்த ரேஸ் கார். கப் என்று தொடங்குபவை ஒரே மாடல் கார்களுக்கானவை. வி என்று தொடங்குபவை கிட்டத்தட்டக் கடையில் விற்ற அதே கார்: உள்ளே பாதுகாப்புக் கூண்டு, ரேஸ் சீட், தீயணைப்பு ஏற்பாடு, எஞ்சினில் பெரிதாகக் கை வைத்திருக்க மாட்டார்கள். வி4 என்பது 2.5 லிட்டர் வரை உள்ள பெட்ரோல் கார்கள், அதில் பிஎம்டபிள்யூ 325ஐ நிறைய.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது வி4. எல்லாரும் ஜிடி3 பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஜிடி3யில் தொழிற்சாலைகளின் சம்பள ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், அதைக் கேமராவே காட்டிவிடும். வி4இல் இருப்பவர்கள் வார நாளில் வேறு வேலை பார்த்து, சனிக்கிழமை ஹெல்மெட் மாட்டுபவர்கள். கார்களுக்கிடையே வித்தியாசம் குறைவு, அதனால் சண்டை கடைசிச் சுற்று வரை போகும். இன்னொன்று: இந்தத் தொடரில் நெடுங்காலமாகப் புள்ளிகள், பிரிவில் எத்தனை கார் தொடங்கியது என்பதையும் பொறுத்தவை. நிறையப் பேர் உள்ள பிரிவில் ஜெயித்தால் புள்ளி அதிகம். அதனால்தான் ஜிடி3களை எல்லாம் ஓரங்கட்டி, 325ஐ ஓட்டியவர்கள் தொடரின் சாம்பியன் ஆன ஆண்டுகளும் உண்டு.

பட்டியலில் உங்கள் பிரிவின் கார் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தையும் எழுதுங்கள். மழை வந்து தெறித்த சேற்றில் எண் தெரியாது, நிறம் தெரியும்.

இங்கேதான் சிக்கல்: இடைவெளிக் கணக்கு

நான் முதலில் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஒரு ஜிடி3 கார் ஒரு சுற்றை 8 நிமிடத்தை ஒட்டி முடிக்கும். வி4 கார் 10 நிமிடத்தை ஒட்டி. நான்கு மணி நேரத்தில் ஜிடி3 28 சுற்று வாக்கில் ஓடியிருந்தால், வி4 23 சுற்று வாக்கில் இருக்கும். அதனால் திரையில் நம் காருக்கு நேரே இடைவெளி என்ற இடத்தில் ஐந்து சுற்று என்று மட்டும் நிற்கும். அது ஒட்டுமொத்தத்தில் முதலாவதாக ஓடும் காரிலிருந்து உள்ள இடைவெளி. நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டியது நம் பிரிவின் முதல் காரிலிருந்து உள்ள இடைவெளி.

திரையில் பிரிவை வடிகட்டும் வசதி இருந்தால் அதை முதலில் அழுத்துங்கள். இனி மூன்று நெடுவரிசைகளை மட்டும் பாருங்கள்: முடித்த சுற்றுகள், கடைசிச் சுற்று நேரம், பிட் எண்ணிக்கை (பெட்ரோல் போடவும் ஆள் மாறவும் கார் ஒதுங்கும் இடம்தான் பிட்). இந்த மூன்றில் எல்லாரும் மறப்பது பிட் எண்ணிக்கை. பிட்டுக்கு எத்தனை முறை போனார் என்று பார்க்காமல் இடத்தைப் பார்ப்பது, பாக்கிக் கடனைக் கணக்கில் எடுக்காமல் கையிருப்பை எண்ணுவது மாதிரி.

ஒரு எடுத்துக்காட்டு. இரண்டு வி4 கார்கள், இரண்டும் 16 சுற்று முடித்திருக்கின்றன. முதல் கார் ஒரு முறை பிட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டாவது கார் இரண்டு முறை. முதல் கார் 1 நிமிடம் 50 விநாடி முன்னால். யார் ஜெயிக்கிறார்?

ஒரு பிட் ஸ்டாப் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்தால்தான் பதில். அதைத் திரையே சொல்லிவிடும். பிட்டுக்குள் வந்த சுற்றின் நேரத்தையும் வெளியே போன சுற்றின் நேரத்தையும் கூட்டுங்கள். அதிலிருந்து இரண்டு சாதாரணச் சுற்றின் நேரத்தைக் கழியுங்கள். உதாரணமாக, சாதாரணச் சுற்று 10.10, அதாவது 10 நிமிடம் 10 விநாடி. உள்ளே வந்த சுற்று 10.25, வெளியே போன சுற்று 13.00. கூட்டினால் 23.25. அதில் 20.20 போனால் மிச்சம் 3.05. ஆக ஒரு ஸ்டாப்புக்கு மூன்று நிமிடம் ஐந்து விநாடி.

முதல் கார் பெட்ரோலுக்காக இன்னொரு முறை உள்ளே போயே ஆக வேண்டும். 3.05இல் 1.50 போனால் 1.15. அதாவது திரையில் இரண்டாவதாக இருக்கும் கார்தான் உண்மையில் ஒன்றேகால் நிமிடம் முன்னால் இருக்கிறது. அது மீதிச் சுற்றுகளை இருக்கும் பெட்ரோலில் ஓட்டி முடிக்குமா என்பது ஒன்றுதான் கேள்வி. முந்தைய ஸ்டாப்புகளுக்கு நடுவில் எத்தனை சுற்று ஓடியது என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

உள்ளே வந்த சுற்றை மட்டும் பார்த்து ஸ்டாப் நேரம் கணக்கிடாதீர்கள். நேரக்கோடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இழப்பு இரண்டு சுற்றுக்கும் பிரிந்துபோகும். இரண்டையும் கூட்டினால்தான் சரியாக வரும்.

ஏன் மூன்று நிமிடம் என்று கேட்பீர்கள். ஃபார்முலா 1 பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொடுமையாகத் தெரியும். நூர்பர்க்ரிங் பிட்டில் நிற்பது கிட்டத்தட்ட நம் ஊர் பெட்ரோல் பங்கு. குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார், ஒரே பம்பைப் பல அணிகள் பகிர்ந்துகொள்ளும், பின்னால் இன்னொரு கார் வரிசையில் நிற்கும். இந்தப் பக்கம் ஓட்டுநர் இறங்கி அடுத்தவர் ஏறி பெல்ட் மாட்டுவார். நடுவில் ஒருவர் முன் கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

கோட் 60 வந்தால்

விபத்து நடந்தால் இங்கே பெரும்பாலும் முழுத் தடத்தையும் நிறுத்துவதில்லை. 24 கி.மீ.யில் அது கட்டுப்படியாகாது. விபத்து நடந்த பகுதியில் மட்டும் மணிக்கு 60 கி.மீ. என்று அறிவிப்பார்கள். அதற்கு முந்தைய பகுதியில் இரட்டை மஞ்சள் கொடி, 120 கி.மீ. வரம்பு. அந்தச் சுற்றில் நேரம் தாறுமாறாகப் போகும். ஒருவர் கோட் 60க்கு முன்பே தப்பியிருப்பார், பின்னால் வந்தவர் மாட்டியிருப்பார். ஆகவே மேலே சொன்ன பிட் கணக்கை அந்தச் சுற்றுகளில் போடாதீர்கள். சுத்தமான சுற்று கிடைக்கும்வரை பொறுங்கள்.

யார் ஓட்டுகிறார்

ஜெர்மன் தொடரில் இந்த விஷயம் அவ்வளவு பெரிதில்லை, ஆனால் அஜித் 2025இல் ஓட்டிய ஜிடி4 ஐரோப்பியத் தொடருக்கு வந்தால் இதுதான் எல்லாம். அங்கே ஒரு மணி நேர ரேஸ், காருக்கு இரண்டு ஓட்டுநர். நடுவில் குறிப்பிட்ட சில நிமிடங்களுக்குள் பிட்டுக்கு வந்து ஆள் மாறியே தீர வேண்டும். பிட்டில் இவ்வளவு நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, அதனால் அங்கே பெட்ரோல் பங்குக் கணக்கு வேண்டாம்.

ஓட்டுநர்களை, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. பட்டியல் அதன் தளத்தில் யாரும் பார்க்கலாம். முப்பது வயதுக்கு மேல் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்து, ஒற்றை இருக்கைக் கார்களில் அனுபவம் இல்லாதவர் வெண்கலம். பிளாட்டினம், தங்கத்துக்கு வேண்டிய பெரிய சாதனைகள் எதுவும் இல்லாத, முப்பது வயதுக்குக் குறைந்தவர் வெள்ளி. அதனால் வெள்ளி என்றதும் சுமாரானவர் என்று நினைத்துவிடாதீர்கள். கோகார்ட்டில் வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் வெள்ளியாக வந்து எல்லாரையும் அடித்துவிட்டுப் போவான். இரண்டு வெள்ளிகள் சேர்ந்தால் சில்வர் பிரிவு, இரண்டு வெண்கலங்கள் சேர்ந்தால் ‘ஆம்’ (Am, அதாவது அமெச்சூர்) பிரிவு, வெண்கலத்தோடு மேல்தர ஓட்டுநர் கலந்து வந்தால் புரோ-ஆம்.

புரோ-ஆம் காரைப் பார்க்கும்போது, இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் யார் என்பதைத் திரையில் பாருங்கள். வெண்கல ஓட்டுநர் முதல் பாதியில் பத்து இடம் இழந்தால் கவலைப்பட வேண்டாம், வேகமானவர் பின்னால் ஏறப்போகிறார். தலைகீழாக இருந்தால் கவலைப்படலாம்.

பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் என்று வர்ணனையாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். வெவ்வேறு கம்பெனிக் கார்கள் ஒரே வேகத்தில் ஓட எடை கூட்டுவது, எஞ்சின் சக்தியைக் குறைப்பது போன்ற ஏற்பாடு. ஆரம்பத்தில் இதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தோற்றவர் எல்லாம் இதைத்தான் குறை சொல்வார்.

பின்சேர்க்கை 1: கருத்துகளில் பலர் கேட்டது நேரக் குழப்பம். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். அப்போது பகல் 12 என்பது நமக்கு மாலை 4.30. மார்ச்சில் நடக்கும் ரேஸ்களில்தான் மாட்டிக்கொள்வீர்கள். அப்படியே சரியான நேரத்துக்கு உட்கார்ந்தாலும், நூர்பர்க்ரிங் இருக்கும் ஐஃபல் மலையில் மூடுபனி என்றால் ரேஸ் தாமதமாகும், சில நேரம் ரத்தே ஆகும். தளத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

பின்சேர்க்கை 2: ஜிடி3 காரில் யார் வேண்டுமானாலும் ஏறலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். முடியாது. நார்ட்ஷ்லைஃபேக்குத் தனி பெர்மிட் வேண்டும், அதையும் சின்னக் காரில் ஓட்டித்தான் சம்பாதிக்க வேண்டும். நான்கு முறை ஃபார்முலா 1 உலக சாம்பியனான மேக்ஸ் வெர்ஸ்டப்பனே 2025 செப்டம்பரில் முதலில் சக்தி குறைக்கப்பட்ட போர்ஷே கேமன் ஜிடி4இல் ஒரு ரேஸ் ஓட்டினார். அப்புறம்தான் ஃபெராரி 296 ஜிடி3இல் ஏறினார். அதில் கிறிஸ் லல்ஹாமுடன் சேர்ந்து முதல் முயற்சியிலேயே ஜெயித்தது வேறு கதை.

பின்சேர்க்கை 3: படத்தைவிட டைமிங் முன்னால் ஓடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஆமாம், யூடியூப் நேரலை எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். கடைசிச் சுற்றில் மட்டும் லேப்டாப்பை மூடிவிடுங்கள். கொடி விழுந்ததும் வரும் பட்டியல் தற்காலிகமானதுதான். தொழில்நுட்பச் சோதனையில் கார்கள் தகுதியிழப்பது உண்டு. அதனால் உங்கள் வி4 பிரிவின் இறுதி முடிவை அன்று இரவோ மறுநாளோ வரும் பிடிஎஃப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.