கிரானைட் எப்படி உருவானது? ஒரு துண்டை வைத்து நீங்களே படிக்கலாம்

சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் கடையில் உடைந்த துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள், வெளிர் சாம்பலோ இளஞ்சிவப்போ எதுவானாலும் சரி. முழுக் கறுப்பு மட்டும் வேண்டாம். அதையும் கிரானைட் என்றுதான் விற்பார்கள், ஆனால் பெரும்பாலும் அது டோலரைட் அல்லது காப்ரோ என்ற வேறு பாறை. கூடவே ஒரு பூதக்கண்ணாடி, ஒரு குண்டூசி.

முதலில் கல்லைக் கழுவித் துடைத்து, பாலிஷ் போடாத உடைந்த பக்கத்தை வெயிலில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று மின்னி, இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் அணைந்துபோகிற தட்டையான முகங்கள் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். குண்டூசியால் நெம்பினால் கறுப்பாக ஏடு ஏடாக உரிவது பயோடைட், காக்காப்பொன் என்கிறோமே அந்த வகை. எப்படிச் சாய்த்தாலும் அப்படி மின்னாமல், நனைந்த கல்லுப்பு மாதிரி மங்கலாகத் தெரிவது குவார்ட்ஸ்.

அப்புறம் ஓரங்களைக் கவனியுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஃபெல்ட்ஸ்பாருக்குப் பல இடங்களில் நேரான ஓரம் இருக்கும், குவார்ட்ஸுக்கோ சொந்த வடிவமே இருக்காது. பாறைக்குழம்பு ஆறும்போது முதலில் உறைந்தவை தாராளமாக வளர்ந்துவிட்டன. கடைசியில் உறைந்த குவார்ட்ஸுக்குக் கிடைத்தது மிச்சமிருந்த சந்துபொந்துதான்.

அடுத்து, இந்தக் கனிம மணிகளின் அளவு. பாகை அசைக்காமல் நாள்கணக்கில் விட்டால்தானே கற்கண்டு பெரிதாக விளைகிறது? அதே போல, மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை மூடியிருந்ததால் இந்தக் குழம்பு ஆற லட்சக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகியிருக்கும், அதனால்தான் மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. இதே குழம்பு எரிமலை வழியாக வெளியே கொட்டியிருந்தால் சீக்கிரம் ஆறி, மணிகள் கண்ணுக்குத் தெரியாத ரயோலைட் ஆகியிருக்கும்.

சரி, குழம்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் புவியோட்டின் அடிப்பகுதியிலிருந்து. நீர் கலந்திருந்தால் அங்குள்ள பாறை சுமார் 650–700 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும், நீர் இல்லாவிட்டால் இன்னும் நிறைய வெப்பம் வேண்டும். உருகியது சுற்றியுள்ள பாறையைவிட லேசு என்பதால் வெடிப்புகள் வழியே மேலேறி, நடுவழியில் உறைந்துவிடுகிறது.

கடைசியாக, பெங்களூரு–மைசூரு சாலையில் போனால் ராமநகரத்தில் இறங்குங்கள். அங்குள்ள குன்றுகள் சுமார் 250 கோடி ஆண்டு பழைய கிரானைட். ஊரின் பழைய பெயரால் குளோஸ்பேட்டை கிரானைட் என்பார்கள். மேலே மூடியிருந்த பாறையெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோனதால்தான் அது இன்று வெளியே நிற்கிறது. பாறை முகத்தில் விரல் அகல இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார்களைத் தேடுங்கள். நடுவே கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால் அதன் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், குழம்பு மேலேறும்போது பிய்த்துக்கொண்டு வந்த வேறு பாறையின் துண்டாக இருக்கலாம்.