5000 ரூபாய்க்குள் ஐந்து பேருக்கு விசேட இராச்சாப்பாடு: சலுகை பார்த்து வாங்கும் முறை

அம்மா அப்பாவின் திருமண நாள், தங்கச்சியின் பரீட்சை முடிவு, வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து நிற்பது என்று ஏதாவது ஒரு நாளைக்கு வீட்டில் வித்தியாசமாகச் சமைக்க ஆசை வரும். ஹோட்டலில் ஐந்து பேருக்கு எடுத்தால் காசு கையைக் கடிக்கும். சுப்பர்மார்க்கெட்டில் கண்டதையெல்லாம் கூடைக்குள் போட்டாலும் அதே கதிதான். சலுகையைப் பார்த்து ஒழுங்காக வாங்கினால் முழுக்கோழி, உருளைக்கிழங்கு, சலாட், ஐஸ்கிறீம், சோடா எல்லாவற்றையும் 5000 ரூபாய்க்குள் அடக்கலாம். இலங்கையின் வன்னியில், விசுவமடுப் பக்கம் இருந்துகொண்டு நாங்கள் செய்யும் முறையைத்தான் எழுதுகிறேன். எங்களிடம் அவன் அடுப்பு (oven) இல்லை, கார் இல்லை. இரண்டும் தேவைப்படாது.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் ‘மீல் டீல்’ பற்றிச் சொல்லியிருப்பார்கள். 2008 இல் அங்கே பொருளாதாரம் சரிந்த நேரம், மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் இரண்டு பேருக்கு ஒரு பிரதான உணவு, ஒரு பக்க உணவு, ஒரு இனிப்பு, ஒரு வைன் போத்தல் எல்லாம் சேர்த்து 10 பவுணுக்குக் கொடுக்கத் தொடங்கியது. வெளியே போய்ச் சாப்பிட வசதி குறைந்தவர்கள் அதே சந்தோஷத்தை வீட்டு மேசையில் அனுபவிக்கட்டும் என்பது கணக்கு. வன்னியில் அப்படிச் சேர்த்துக் கட்டி யாரும் தருவதில்லை. ஆனால் அந்த நாலு பகுதிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பெரிய சாப்பாடு ஒன்று, துணைக்கு ஒன்று, இனிப்பு ஒன்று, குடிக்க ஒன்று. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கும்போதுதான் செலவு ஓடத் தொடங்கும்.

1. முதலில் சலுகை, பிறகு மெனு

இதுதான் முழு வேலையின் அடிப்படை. “கணவாய் பொரிக்க வேண்டும், பாஸ்தா செய்ய வேண்டும்” என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், அன்றைக்கு விலைக்கழிவு இல்லாத பொருட்களாகப் பார்த்து வாங்குவீர்கள். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் தங்கள் வார இறுதிச் சலுகைகளைப் பேஸ்புக் பக்கத்தில் படமாகப் போடும். அதைப் பாருங்கள். முழுக்கோழிக்குக் கழிவு இருந்தால் கோழிச் சாப்பாடு. சொசேஜுக்கும் பாஸ்தாவுக்கும் இருந்தால் அந்தக் கிழமை பாஸ்தா.

ஒன்றைக் கவனியுங்கள். கொழும்புக் கிளையில் இருக்கும் எல்லாம் கிளிநொச்சி, வவுனியா, மன்னார்க் கிளைகளில் இருக்காது. பஸ் ஏறுவதற்கு முன் கிளைக்கு ஒரு அழைப்பு எடுத்து, “இந்தச் சலுகை உங்களிடம் இருக்கிறதா, சாமான் கையிருப்பில் இருக்கிறதா” என்று இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

2. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டாம்

சுப்பர்மார்க்கெட்டில் வாங்க வேண்டியவை கோழி, ஐஸ்கிறீம், மாஜரின், சோஸ் போன்றவை. உருளைக்கிழங்கு, கரட், வெள்ளரிக்காய், தக்காளிப்பழம், தேசிக்காய், உள்ளி எல்லாம் கிளிநொச்சிப் பொதுச்சந்தையில் வாங்கலாம். வீட்டு வளவில் பப்பாசியோ கறிமிளகாயோ இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். சோடாவை ஊர்க் கடையில் எடுங்கள். போத்தலில் அச்சடித்த ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் யாரும் விற்க முடியாது, ஆகவே கழிவு இல்லாத நாளில் அதைத் தூரத்திலிருந்து சுமந்து வருவதில் பயன் இல்லை.

முழுக்கோழிதான் என் தெரிவு. நெஞ்சுத் துண்டு, கால் துண்டு என்று தனித்தனியாகப் பொதி செய்தவற்றைவிட கிலோவுக்கு மலிவு. தோலோடு இருப்பதை எடுங்கள். தோல் இல்லாத கோழி விலையும் கூட, சட்டியில் வாட்டும்போது காய்ந்தும் போகும். ஐந்து பேருக்கு 1.2 கிலோ அளவு போதும். மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கோழிக்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டு பொதிகளைச் சேர்த்து டேப் ஒட்டி விற்பவற்றில் இரண்டின் காலாவதித் திகதியையும் பாருங்கள். மேலே இருப்பதில் நல்ல திகதி, அடியில் இருப்பதில் நாலு நாள் மட்டும் மிச்சம் என்று இருக்கலாம். அன்றைக்கே சமைப்பதென்றால் அது பிரச்சினை இல்லை. எடுத்து வைப்பதென்றால் பிரச்சினை.

பையைக் கொண்டு போங்கள். 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பை இலவசம் இல்லை.

3. கார்ட் கழிவு

இறைச்சி, மீன், மரக்கறி, பழத்துக்கு இத்தனை வீதம் கழிவு என்று வங்கிகள் பெரிய எழுத்தில் போடும். சின்ன எழுத்தில் நாலு விடயம் இருக்கும்: எந்தக் கிழமை நாள், குறைந்தது எத்தனை ரூபாய்க்கு வாங்க வேண்டும், ஆகக்கூடியது எவ்வளவு தொகைக்குக் கழிப்பார்கள், எந்தக் கார்ட். கடைசி விடயம்தான் எங்கள் பக்கத்தில் கனபேருக்கு இடிக்கும். சலுகை பெரும்பாலும் கடனட்டைக்கு. எங்களில் பலரிடம் இருப்பது சம்பளக் கணக்கின் டெபிட் கார்ட். காசாளர் பில் போடத் தொடங்குவதற்கு முன்பே கார்ட்டைக் காட்டிக் கேளுங்கள். பில் முடிந்த பிறகு கேட்டால் பின்னால் நிற்பவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

கழிவு கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பில் தொகையை ஏற்றாதீர்கள். 600 ரூபாய் மிச்சம் பிடிக்க 2000 ரூபாய்க்குத் தேவையில்லாத சாமான் வாங்குவது நட்டம்.

4. உறைந்த கோழியை வீடு சேர்ப்பதும் உருக வைப்பதும்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். சமையல் குறிப்பு எழுதுபவர்கள் பலர் “கோழியை உருக வைத்து எடுக்கவும்” என்று ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். கிளிநொச்சியிலிருந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் மத்தியான வெயிலில் பஸ்ஸில் வருபவருக்கு அந்த ஒரு வரி போதாது.

இறைச்சியில் கிருமி வேகமாகப் பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடையில். பச்சை இறைச்சியோ சமைத்த உணவோ இந்த இடைவெளியில் 2 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது பொது விதி. வெளியே 32 பாகைக்கு மேல் என்றால் 1 மணித்தியாலம்தான். எங்கள் சித்திரை, வைகாசி வெயில் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஆகவே சந்தையை முதலில் முடியுங்கள். சுப்பர்மார்க்கெட்டைக் கடைசியில் வையுங்கள். அங்கும் கோழியையும் ஐஸ்கிறீமையும் காசு கட்டப் போகும் நேரத்தில் எடுங்கள். விலை கூடிய குளிர்ப் பை வாங்கத் தேவையில்லை. மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் றிஜிபோம் பெட்டியில் சின்னது ஒன்று போதும், பழையது என்றால் நன்றாகக் கழுவிக் காய வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். முதல் நாளே தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டை முக்கால்வாசி நிரப்பி உறைய வைத்து, கோழியோடு வைத்து மூடிவிட்டால் பயணம் முழுக்கக் குளிர் நிற்கும்.

உருக வைக்க இரண்டு வழி. நல்ல வழி, முதல் நாள் இரவே பிறிட்ஜின் கீழ்த் தட்டில் ஒரு பாத்திரத்துக்குள் வைப்பது. 1.2 கிலோ கோழிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். பாத்திரம் கட்டாயம், வடியும் தண்ணீர் மற்றச் சாப்பாட்டில் படக் கூடாது. மற்ற வழி, காற்றும் தண்ணீரும் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீருக்குள் அமிழ்த்துவது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் உருகிவிடும், உடனே சமைக்க வேண்டும். பகலில் கிணற்றுத் தண்ணீர் போதிய குளிர் இல்லை, ஐஸ் கட்டி சேருங்கள். குசினி மேசையில் வைத்து உருக்குவது வேண்டவே வேண்டாம். வெளிப்பக்கம் சூடேறிக் கிருமி பெருகும்போது நடுப்பக்கம் இன்னும் ஐஸாகவே இருக்கும்.

சமைக்கும் முன் வயிற்றுக்குள் கைவிட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் கட்டி இருந்தால் இன்னும் உருகவில்லை.

5. அவன் அடுப்பு இல்லாமல் முழுக்கோழி

தலை தட்டிய தேக்கரண்டியால் உப்பு 3, மிளகு 1, மிளகாய்த்தூள் 1, இடித்த உள்ளி ஆறேழு பல், ஒரு தேசிக்காயின் புளி. எல்லாவற்றையும் குழைத்துத் தோலுக்கு மேலும் தோலுக்கு அடியிலும் தடவி பிறிட்ஜில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

அடி கனமான சட்டி வேண்டும். மெல்லிய அலுமினியச் சட்டி அடிப்பிடிக்கும். பழைய இரும்புச் சட்டி இருந்தால் அதைவிடச் சிறந்த சாமான் இல்லை. எண்ணெயும் மாஜரினும் விட்டுச் சூடாக்கி, கோழியை ஒவ்வொரு பக்கமாகப் பொன்னிறமாக வாட்டுங்கள். பிறகு அரைக் கோப்பை தண்ணீர் விட்டு, இறுக்கமாக மூடி, மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம். இடையில் இரண்டு தரம் திருப்புங்கள். பாதி நேரம் போனதும் தோலுரித்து நாலாக வெட்டிய உருளைக்கிழங்கைச் சுற்றிப் போடுங்கள். கோழியின் கொழுப்பில் அவிந்து வரும் அந்தக் கிழங்குக்காகவே எங்கள் வீட்டில் இதைச் செய்யச் சொல்லிக் கேட்பார்கள்.

தொடை எலும்புக்குப் பக்கத்தில் கத்தியால் குத்தினால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். சிவப்பாக வந்தால் இன்னும் பத்து நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் 74 பாகை காட்ட வேண்டும்.

கரட், வெள்ளரிக்காய், தக்காளிப்பழத்தை வெட்டி உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டால் சலாட். சோறு வேண்டும் என்பவர்களுக்கு வீட்டுச் சம்பா போதும், பாஸ்மதிக்குக் காசு போடாதீர்கள்.

இனிப்புக்கு ஒரு லீற்றர் ஐஸ்கிறீமும் பப்பாசியும்.

பிற்சேர்க்கை: புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர், அவ்வளவு தூரம் ஐஸ்கிறீம் கொண்டு போக முடியவில்லை என்று எழுதியிருந்தார். எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றும் கித்துள் பாணியும் வாங்குங்கள். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

இன்னொருவர் வீட்டில் பிறிட்ஜ் இல்லை என்றார். அப்படியென்றால் உறைந்த கோழியின் பக்கமே போக வேண்டாம், எவ்வளவு கழிவு போட்டிருந்தாலும் சரி. அன்று பின்னேரம் ஊர்க் கோழிக்கடையில் உரித்து வாங்கி, உப்பும் தூளும் தடவி உடனேயே அடுப்பில் வையுங்கள். கொஞ்சம் விலை கூடினால் சோடாவுக்குப் பதிலாகத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துச் சரிக்கட்டலாம்.