காருக்குள் உறங்கும்போது கண்ணாடி வியர்ப்பதைக் குறைத்த விதம்

பின் இருக்கைகளை மடக்கி, மனைவியும் மகளும் நானும் காருக்குள்ளேயே உறங்கும் இரவுகளில், விடியும் முன்பே கண்ணாடிகளின் உட்புறம் வியர்த்து, நீர் கோடுகோடாக வழிந்து, ஓரத்தில் கிடக்கும் போர்வையின் விளிம்பை நனைத்துவிடும். உறங்கும் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஓர் இரவில் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீரையாவது ஆவியாக வெளியிடுகிறார். மூடிய காரில் அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில்தான் போய்ப் படியும்.

முன்புற இடக் கண்ணாடியையும் பின்புற வலக் கண்ணாடியையும் இரு விரற்கடை இறக்கி, காற்று குறுக்காகச் செல்ல வழிவிட்டேன். கதவைத் திறந்து, அதன் மேல் கொசுவலைத் துணியைப் போர்த்திச் சாத்தினால், வலை கதவின் இடுக்கில் தானாக இறுகிக்கொள்கிறது. (காந்தத் துண்டுகளாலும் பொருத்தலாம், கதவு அலுமினியமாக இருந்தால் ஒட்டாது.) ஈரத் துண்டுகளையும் நனைந்த காலணிகளையும் இரவில் உள்ளே வைப்பதில்லை.

குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்குவது மட்டும் கூடவே கூடாது. எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சினை ஓடவிடுவதைவிட, இன்னொரு போர்வையைப் போர்த்திக்கொள்வது எவ்வளவோ மேல். இப்போது கண்ணாடியின் கீழ்விளிம்பில் மெல்லிய ஈரப்படலம் மட்டுமே படிகிறது. துணியால் ஒருமுறை துடைத்தால் போய்விடுகிறது.