டெல்டா வறட்சியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பது எப்படி?

மழை பொய்த்த ஆண்டில் எந்த வட்டாரத்துப் பயிர் எவ்வளவு அடி வாங்கியது என்பதை வீட்டில் இருந்தபடியே ஓரளவு பார்த்துவிடலாம். காசு வேண்டாம், புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். பழகுவதற்கு 2016-17 காவிரி டெல்டாவை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்க முடியாமல் செப்டம்பரில்தான் திறந்தார்கள். அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது. விடை தெரிந்த கணக்கு என்பதால் கற்க வசதி.

முதலில் கொஞ்சம் அடிப்படை. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். பயிர் வாடினால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்டிவிஐ (NDVI) என்ற பசுமைக் குறியீடு. வெறும் மண் 0.1, 0.2 என்று நிற்கும். செழித்த நெல் 0.6-ஐத் தாண்டும்.

படி 1. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்து, 'ஆட் லேயர்ஸ்' பகுதியில் என்டிவிஐ என்று தேடுங்கள். டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் (MODIS) கருவியின் 16 நாள் தொகுப்பைச் சேருங்கள். ஒரே நாள் படத்தை எடுக்காதீர்கள்; ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவுக்கு மேலே மேகம்தான் தெரியும். தொகுப்பில் 16 நாளில் கிடைத்த தெளிவான பார்வையைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள்.

படி 2. 'ஸ்டார்ட் கம்பேரிசன்' பொத்தானை அழுத்தி, ஒரு பக்கம் 2016 ஜனவரி 1, மறுபக்கம் 2017 ஜனவரி 1 வையுங்கள். இரண்டு பக்கமும் அதே லேயர் இருக்கிறதா பாருங்கள். நடுக்கோட்டை இழுத்துக்கொண்டே கடைமடைக்கு, அதாவது திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வாருங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பு. ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் போர்வெல்லும் கைகொடுக்காது.

எந்தத் தேதியை எந்தத் தேதியோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தனிப்படம் ஒன்றைக் காட்டி 'வறட்சி' என்று சமூக ஊடகத்தில் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்பதால் மதிப்பு தாழ்ந்தே இருக்கும். கதிர் முற்றி மஞ்சளானாலும் இறங்கும், அறுத்தாலும் இறங்கும். தை அறுவடைக்குப் பிறகு டெல்டா பழுப்பாவது நல்ல மகசூல் ஆண்டிலும் நடப்பதே. மாசியில் பச்சை தெரிந்தால் அது நெல் என்றும் சொல்ல முடியாது. அறுவடைக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தாக இருக்கலாம். ஆகவே ஒரே பருவத்தின் அதே இரண்டு வாரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 3. இரண்டு ஆண்டு ஒப்பீடும் போதாது. ஒப்பிட்ட ஆண்டு அமோக மழை ஆண்டாக இருந்துவிடலாம். 2015 கடைசியில் பெய்த மழை நினைவிருக்கும். எனவே தாவர நிலைக் குறியீடு என்ற விசிஐ கணக்கு. ஓரிடத்தில் அதே இரு வாரத்துக்குப் பல ஆண்டுகளில் மிகக் குறைந்த மதிப்பு 0.30, மிக அதிகம் 0.70, இந்த ஆண்டு 0.40 என்று வைத்துக்கொள்வோம். 0.40-இலிருந்து 0.30-ஐக் கழித்து, 0.70-க்கும் 0.30-க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் 25. பொதுவாக 40-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டிய நிலை.

படி 4. மோடிஸ் படத்தில் ஒரு புள்ளி 250 மீட்டர். ஊர் தெரியும், வயல் தெரியாது. வயல் அளவில் பார்க்க, கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களுக்குப் போங்கள். அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். மேக அளவைக் குறைத்து வைத்து, என்டிவிஐ தேர்ந்தெடுங்கள். இலவசக் கணக்கு தொடங்கினால், வயலைச் சுற்றிக் கோடு வரைந்து மாதாமாதம் மதிப்பு ஏறி இறங்குவதை வரைபடமாகவே பார்க்கலாம்.

படி 5. மழையளவு, அணை நீர்மட்டம், கிராம அடங்கலில் பதிவான பயிர் ஆகியவற்றோடு சரிபாருங்கள்.

இதே முறையில் ராமநாதபுரம், சிவகங்கை மானாவாரி நிலங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சீமைக்கருவேலம். நெல் கருகிய ஆண்டிலும் அது பச்சையாக நிற்கும், செயற்கைக்கோளுக்கு அதுவும் பச்சைதான். முதலில் மே மாதப் படம் ஒன்றைத் திறந்து, பாசனமே இல்லாமல் பச்சையாகத் தெரிகிற இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுத் தொடங்குங்கள்.