பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

செட்டிநாட்டில் ஓடுகிற கார்களைவிட நிற்கிற கார்கள் அதிகம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் பூட்டிய வீட்டு ஷெட்டில் வண்டி மாதக்கணக்கில் கிடக்கும். வீட்டுக்காரர்கள் படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. உடனே காரைக்குடிக்குப் போன் போட்டுப் புது பேட்டரி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அடுத்த தடவை வரும்போது அதுவும் இறங்கியிருக்கும். அளந்து பார்க்காமல் பேட்டரியை மாற்றுவதுதான் பெரிய தவறு. வோல்ட்டையும் கரண்டையும் அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இந்தச் செலவைத் தடுத்துவிடும்.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. '12 வோல்ட் பேட்டரிதானே, 12 காட்டுகிறது, சரியாக இருக்கிறது' என்று விட்டுவிடுவார்கள். 12 காட்டினால் பேட்டரி கிட்டத்தட்டக் காலி என்று அர்த்தம். முழு சார்ஜில் 12.6 அல்லது சற்று மேலே இருக்கும், 12.2 என்றால் பாதிதான். வண்டி ஓட்டி நிறுத்தியதும் அளந்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும், ஓரிரவு விட்டுக் காலையில் பாருங்கள். முழுதாக சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

வோல்ட் விழவே இல்லை, ஆனால் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் டெர்மினலிலோ (பேட்டரியில் வயர் மாட்டும் முனை) எர்த் வயரிலோ (நெகட்டிவிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் வயர்) செல்ஃப் மோட்டாரிலோதான் கோளாறு. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, இறுக்கி முடுக்கிப் பாருங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசி.

இனி, நிற்கிற வண்டியின் கதை. பூட்டி வைத்த கார் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் ஆகியவற்றுக்காகக் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்புதான். அப்படியே எடுத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு மாதத்தில் காலி. வண்டியில் எந்தப் பழுதும் இல்லாமலே இது நடக்கும். காலியாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏறாது. நம் ஊர் வெயில் அதை இன்னும் வேகப்படுத்தும். அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி. அங்கே பேட்டரி ஆராய்ச்சியே நடக்கும்போது, சுற்றுவட்டாரத்தில் நாம் ஊகத்தில் பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகிறதா என்று பார்க்க, நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். உடனே படிப்பதும் தவறு: கார் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம் கூட ஆகலாம். அதுவரை கதவைத் திறக்க வேண்டாம். அப்புறம் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவினால், எதை எடுக்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த இணைப்பில்தான் கரண்ட் போகிறது. வெளியில் மாட்டிய ஸ்டீரியோவையும் டேஷ்கேமையும் முதலில் பாருங்கள். ஷெட்டில் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுவது பழைய வழக்கம். இன்றைய வண்டியில் அது கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் போதும். சில புது மாடல்களில் இது கூடிக் குறையும்; ஒரே அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதிலிருக்கும் உப்பு தகட்டைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். எரிந்த 10 ஆம்பியர் ஃப்யூஸுக்குப் பதில் 20 போட்டால் அடுத்து எரிவது வயர்.