ஃபுட்சால் சாம்பியன்ஸ் லீக்க பெரிய கிரவுண்ட் கண்ணோட பாக்காதீங்க

டர்ஃப்ல ஸ்லாட் போட்டு வாராவாரம் ஆடுறவங்கள்லயே பாதி பேருக்கு யூஃபா ஃபுட்சால் சாம்பியன்ஸ் லீக்னு ஒண்ணு இருக்குறது தெரியாது. ஃபுட்சால்னா டீமுக்கு அஞ்சு பேர் உள்ளரங்கத்துல ஆடுற சின்ன ஃபுட்பால், இது ஐரோப்பா கிளப்புங்களுக்கான கப். தெரிஞ்சு பாக்க ஒக்காந்தாலும் பத்து நிமிஷத்துல "என்னடா இது, கீப்பர் பாட்டுக்கு நடுக்கோட்ட தாண்டி வரான், ஒரே நேரத்துல நாலு பேர் மாறுறான், ரெஃப்ரி விசில் ஊதாம விட்டுட்டே இருக்காரு"ன்னு மூடி வெச்சிடுறாங்க. நானும் அப்படி மூடி வெச்சவன்தான், அதனால சொல்றேன்.

முதல்ல பேர பாத்து ஏமாறாதீங்க. இதுல அஞ்சு தடவ கப் அடிச்ச இன்டர், மிலன்ல இருக்குற இன்டர் கிடையாது, ஸ்பெயின்ல மாட்ரிட் பக்கத்துல இருக்குற தனி கிளப். பூமராங் இன்டர்வியூ, மூவிஸ்டார் இன்டர்னு ஸ்பான்சருக்கு ஏத்த மாதிரி பேரு மாறினதால பழைய ரிசல்ட்ட தேடுறவங்க ரெண்டு மூணு வேற டீம்னே நெனச்சுக்குறாங்க. ரியல் மாட்ரிட் எங்கனு தேடவும் வேணாம், அவங்களுக்கு இதுல டீமே இல்ல. கஜகஸ்தான்ல இருந்து வர கைராத் அல்மாட்டி 2013லயும் 2015லயும் கப் அடிச்சிருக்கு, 2016ல சைபீரியாவுல இருக்குற யூகோர்ஸ்க்னு ஒரு சின்ன டவுன் டீம் இன்டர ஃபைனல்ல சாச்சிருக்கு, அப்புறம் 2023, 24, 25னு வரிசையா மூணு வருஷம் ஸ்பெயின் டீம் பால்மா. இங்க பெரிய கிரவுண்டோட பணமும் பேரும் அப்படியே செல்லுபடி ஆகாது. நம்ம ஊர்லயும் இந்த பேர் குழப்பம் உண்டு, 2016ல பிரீமியர் ஃபுட்சால்ல சென்னை டீமுக்கு ஆடின ஃபால்காவோவ கொலம்பியா ஸ்ட்ரைக்கர்னு சத்தியம் பண்ணவன் எங்க கேங்லயே இருக்கான். அவரு பிரேசில்காரர், ஃபுட்சால்லயே பெரிய ஆளா ஆனவரு.

அடுத்தது டைம். பாதிக்கு இருபது நிமிஷம்தான், ஆனா பந்து வெளிய போனா கடிகாரம் நிக்கும், அதனால இருபதுனா முழுசா இருபது நிமிஷ ஆட்டம். இஞ்சுரி டைம் கிடையாது, கீழ விழுந்து புரண்டு நேரம் ஓட்டவும் முடியாது. ரெண்டு கோல் லீடு இருக்கு, முடிஞ்சுதுன்னு எந்திரிச்சு போனீங்கன்னா போச்சு. 2021ல குரோஷியாவுல சடார்ங்குற ஊர்ல நடந்த ஃபைனல்ல பார்சிலோனா பாதி ஆட்டத்துல 2-0 முன்னாடி இருந்துச்சு, கடைசில போர்ச்சுகல் டீம் ஸ்போர்ட்டிங் 4-3ல ஜெயிச்சுது. அதுக்காக எல்லா ஃபைனலும் இப்படின்னு இல்ல, 2017ல இதே ஸ்போர்ட்டிங்க இன்டர் 7-0னு அடிச்சு காய வெச்சுது.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு, ஸ்கோர்போர்டுல கோல மட்டும் பாக்குறது. பக்கத்துலயே ஃபவுல் எண்ணிக்கை இருக்கும் பாருங்க, எனக்கு கேட்டா அதுதான் ஆட்டமே. டைரக்ட் ஃப்ரீகிக் குடுக்குற மாதிரி ஃபவுல் எல்லாம் டீம் கணக்குல சேரும். ஒரு பாதியில அஞ்சு வரைக்கும் பரவால்ல, ஆறாவதுல இருந்து ஒவ்வொண்ணுக்கும் எதிர் டீமுக்கு சுவர் (முன்னாடி வரிசையா நின்னு மறைக்குற ஆளுங்க) இல்லாத ஷாட், பத்து மீட்டர்ல இருந்து, நடுவுல கீப்பர் மட்டும்தான். பாதி முடிஞ்சா கணக்கு திரும்ப பூஜ்யம், ஆனா எக்ஸ்ட்ரா டைம் வந்தா ரெண்டாம் பாதி கணக்கு அப்படியே தொடரும், இத நெறைய பேர் மறந்துடுறாங்க. அதனால அஞ்சு ஃபவுல் ஆன டீம் டிஃபென்டர பாருங்க, கைய பின்னாடி கட்டிக்கிட்டு கால நீட்டவே பயந்து நிப்பான், அத பாத்துட்டு "ஏன்டா டேக்கிள் பண்ண மாட்டேங்குற"னு கத்துறவன் போர்ட பாக்கலன்னு அர்த்தம். எதிர் டீமும் லேசுப்பட்டவனுங்க இல்ல, வேணும்னே ஒண்ணுக்கு ஒண்ணா மோத வருவானுங்க, ஒரு கால் பட்டா போதும்.

இப்ப அந்த கீப்பர் விஷயம். கீப்பர் தன் பாதியில பந்த நாலு செகண்டுக்கு மேல வெச்சிருக்க கூடாது, ஒரு தடவ விட்ட பந்து நடுவுல எதிராளி மேல படாம அவன் பாதியில திரும்ப அவன்கிட்ட வரவும் கூடாது. ஆனா நடுக்கோட்ட தாண்டிட்டான்னா இந்த ரெண்டு தடையும் இல்ல! கைராத்ல பேர் வாங்கின இகிதா, பிரேசில்ல பொறந்து கஜகஸ்தானுக்கு ஆடினவரு, அவரு அந்த பக்கம் ஏறி வந்து அஞ்சாவது ஆட்டக்காரனா நிக்குறதுக்கு இதுதான் காரணம். தோத்துக்கிட்டு இருக்குற டீம் கடைசி நிமிஷங்கள்ல கீப்பர உக்கார வெச்சிட்டு ஒரு ஆட்டக்காரனுக்கு கீப்பர் கலர் ஜெர்சி மாட்டி எறக்குவாங்க, அவன் பயந்துபோன கீப்பர் இல்ல, கூட ஒரு ஆள வெச்சு அட்டாக் பண்ற வழி, இதுக்கு பேரு பவர் பிளே. அஞ்சு பேர் நாலு பேர சுத்தி சுத்தி பாஸ் போடுறத "போரடிக்குது"ன்னு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ஒரு பாஸ் தப்பினா காலி கோலுக்கு அந்த பக்கத்துல இருந்தே ஒருத்தன் உருட்டி விட்டுடுவான்.

சப்ஸ்டிட்யூஷனுக்கு கணக்கு கிடையாது, ஆட்டம் நடக்கும்போதே மாறலாம், யாருக்கு அடிபட்டுச்சுன்னு தேடாதீங்க. ரெட் கார்டு வாங்கினவன் திரும்ப வர முடியாது, ஆனா டீமு ரெண்டு நிமிஷம்தான் ஆள் குறைவா ஆடணும், அதுக்குள்ள ஆள் அதிகமா இருக்குற டீம் கோல் போட்டா உடனே ஒருத்தன எறக்கிக்கலாம். ஆஃப்சைடு இல்ல, அத பத்தி பேசவே வேணாம்.

ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நாலு டீம் மோதுற சுற்று, ஒரே ஊர்ல நடக்கும், ஒரே வார கடைசியில செமியும் ஃபைனலும். உள்ளூர் டீம்னா ஜெயிச்சிடும்னு பெட் கட்டாதீங்க. 2023ல பால்மா சொந்த ஊர்ல பெனால்டில அடிச்சுது, சரி. ஆனா 2019ல அல்மாட்டிலயே ஃபைனல், கைராத் ஸ்போர்ட்டிங்கிட்ட 2-1ல தோத்து ஊரே அமைதியாயிடுச்சு.

இதெல்லாம் பாத்துட்டு போன மாசம் எங்க டர்ஃப்ல ஃபவுல் எண்ணி ஆடலாம்னு முடிவு பண்ணோம், வெளிய ஒக்காந்திருந்த ஒருத்தன எண்ண சொன்னோம், மூணாவது ஃபவுலுக்குள்ள அவன் போன எடுத்து ரீல்ஸ் பாக்க ஆரம்பிச்சிட்டான்.